இரவல் சொற்களின் சொந்தக்காரி

எந்தப் பொருளைக் கண்டாலும் அவர் முதலில் கேட்பது ஒன்றுதான்: "இது யாருடையது?" படிக்கட்டில் விழுந்து கிடக்கும் ஒற்றைக் கையுறை, அடுப்படியில் புதிதாக வந்து சேர்ந்த கரண்டி, மழைநாளில் யாரோ வாசலில் சாத்திவிட்டுப் போன குடை, எதுவானாலும் சரி. பதில் கிடைக்கும்வரை அதைக் கீழே வைக்கமாட்டார். வழிதவறிய பிள்ளையைத் தாயிடம் ஒப்படைக்கக் காத்திருப்பவர்போல இரு கைகளிலும் ஏந்திக்கொண்டு நிற்பார்.

ஒருமுறை போர்கோ வெக்கியோ சந்தையில் மீன்காரன் வாங்கிய மீனோடு ஓர் எலுமிச்சையையும் பையில் போட்டுவிட்டான். அவர் அதை வெளியே எடுத்து, "இது யாருடையது?" என்று கேட்டார். அவன் கத்தியை நிறுத்திவிட்டு, "கடவுளுடையது சின்யோரா, எடுத்துக்கொண்டு போங்கள்" என்றான். அவர் சிரிக்கவில்லை. அடுத்த கிழமை அவனுக்கு ஒரு சின்னப் போத்தலில் ஊறுகாய் வெள்ளரி கொண்டுபோய்க் கொடுத்தார். அன்றிலிருந்து அவன் அவருக்கு எதையும் இனாமாகப் போடவில்லை. பயந்துவிட்டான் என்றுதான் நினைக்கிறேன்.

இத்தாலியின் பலெர்மோவில், பொலிதேயாமா நாடக அரங்குக்குப் பின்னால் உள்ள ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாம் மாடியில் நாங்கள் இருவரும் ஒரே சின்யோராவிடம், ஒரு வயதான இத்தாலிய அம்மாவிடம், வேலை செய்தோம். அவர் உக்ரேன்காரி; வீட்டோடு தங்கிச் சின்யோராவைப் பராமரிப்பவர். நான் கிழமையில் நான்கு பிற்பகல் போய்க் கூட்டித் துடைத்துவிட்டு வருகிறவள். சின்யோரா ஒரு காலத்தில் ஆங்கில ஆசிரியை. பக்கவாதம் வந்து வலது பக்கத்தையும் பேச்சையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது. இடது கை மட்டும் கொஞ்சம் அசையும் என்று வைத்தியர் எழுதியிருந்தார். சாளரத்துக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியில், மடியில் ஒரு தலையணையுடன், நாள் முழுவதும் துறைமுகத்துப் பக்கம் பார்த்தபடி இருப்பார். அவருக்கு எதுவும் விளங்குவதில்லை என்பதில் எங்கள் எல்லோருக்கும் ஒரே அபிப்பிராயம். அவர் முன்னால் எல்லாவற்றையும் கதைப்போம்.

நான் இந்த ஊருக்கு வருவதற்கு முன்பு மன்னார்க் கச்சேரியில், அந்த அரச அலுவலகத்தில், எழுதுவினைஞராக இருந்தவள். எந்தக் கதவுக்கும் ஒரு படிவம் உண்டு, எந்தப் படிவத்துக்கும் ஓர் இணைப்பு உண்டு, இணைப்பை மறந்தவர் வரிசையின் கடைசிக்குப் போவார் என்பதை அங்கே கற்றேன். இத்தாலியிலும் அது அப்படியே செல்லுபடியானது. ஞாயிறு பூசை முடிந்ததும் பெர்மெஸ்ஸோ என்கிற வதிவிட அனுமதியைப் புதுப்பிக்க, பிள்ளையின் பதிவுக்கு, ஓய்வூதியத்துக்கு என்று எங்கள் ஆட்கள் கடதாசிக் கட்டுகளோடு என்னைச் சுற்றி நிற்பார்கள். எல்லோரும் என்னை அக்கா என்பார்கள். காரியம் முடியும்வரை அந்த அக்காவில் தேன் ஒழுகும்.

உக்ரேன்காரியும் என்னை அப்படித்தான் கூப்பிட்டார். ஆனால் கூப்பிடும் முன்பு கேட்டார். ஒருநாள் படிக்கட்டில் எங்கள் நாட்டுத் தீவுப்பகுதிப் பெண் ஒருத்தி என்னை அக்கா என்றதைக் கேட்டுவிட்டு, மேலே வந்ததும், "இந்தச் சொல்லை நானும் எடுக்கலாமோ?" என்றார். நாங்கள் கதைப்பது இத்தாலியத்தில். அவருடையதும் என்னுடையதும் இரண்டு வகையான உடைந்த இத்தாலியம். எனக்கு அது எங்கள் தமிழாகவே நினைவில் இருக்கிறது.

"எடும். எங்களுக்கு ஒண்டும் குறையாது" என்றேன்.

"இரவல்தான்" என்றார் அவர், மிகவும் தீவிரமாக.

அவருடைய மகள் கனடாவில். என்றாவது ஒருநாள் அங்கே போய்ச் சேர்வதற்காக ஆங்கிலம் படித்துக்கொண்டிருந்தார். சின்யோராவின் அலுமாரியில் இருந்த தடித்த அகராதிதான் பாடப்புத்தகம். சொந்தக்காரியின் அனுமதி இல்லாமல் தொடமாட்டார் என்பதால் தினமும் பிற்பகல் நான்கு மணிக்கு அதை எடுத்துச் சின்யோராவின் மடியில் தலையணைமேல் வைத்து, பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து, அவருடைய புத்தகத்தை அவருக்கே வாசித்துக் காட்டுவார்.

அந்தப் பிற்பகல்கள் எனக்கு இப்போதும் கனவில் வருகின்றன. பலகைச் சாளரம் பாதி சாத்தியிருக்கும். வெயில் கீற்றுக்கீற்றாகத் தரையில் கிடக்கும். நான் துடைத்த ஈரத்தில் அது நடுங்கும். ஆபிரிக்காவிலிருந்து சூடான காற்று அடிக்கும் நாட்களில் வீட்டுக்குள் மெல்லிய மஞ்சள் தூசி மிதக்கும். துறைமுகத்தில் ஏதாவது ஒரு கப்பல் நீளமாக ஊதும். அந்த ஊதல் முடியும்வரை அவர் வாசிப்பை நிறுத்திக் காத்திருப்பார். பிறகு மறுபடியும் சொற்கள். செபமாலை உருட்டுவதுபோல ஒவ்வொன்றாக. நான் துடைப்பத்தில் சாய்ந்து நின்று, அரைத் தூக்கத்தில், அர்த்தம் புரியாத சத்தங்களைக் கேட்டபடி இருப்பேன். மணித்தியாலக் கூலிக்கு வேலை செய்கிறவள் செய்யக்கூடாத காரியம் அது.

நடுநடுவே அவர் திடீரென்று நிமிர்வார். "போர்ஷ்!" என்பார். அவர்கள் நாட்டுச் சிவப்புக் கிழங்குச் சூப். "பண்டூரா!" மடியில் வைத்து வாசிக்கும் பல தந்திகள் உள்ள வாத்தியம். "ஹோபாக்!" குந்தி எழும்பி ஆடும் ஆட்டம். ஆங்கிலேயன் அவருடைய பாஷையிலிருந்து எடுத்துக்கொண்டுபோன சொற்கள். அந்நிய ஊரில் பேருந்துக்கு நிற்கும்போது பக்கத்து வீட்டுக்காரரைக் கண்டவர்போல அவர் முகம் மலரும். சின்யோராவின் இடது கையை எடுத்து அந்தச் சொல்லின்மேல் வைத்து, "இது யாருடையது?" என்று கேட்பார். சின்யோரா துறைமுகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

"எங்கடையையும் கொண்டுபோனவங்கள்" என்றேன் ஒருநாள். "கட்டுமரம். பாரும், இருக்கும்."

தேடி எடுத்தார். இருந்தது. தமிழ் என்று சொந்தக்காரர் பெயரும் இருந்தது. அவருக்கு என்மேல் ஒரு மரியாதை வந்துவிட்டது. "உங்களுக்கு ஒழுங்காக எழுதியிருக்கிறாங்கள் அக்கா" என்றார். குரலில் கொஞ்சம் பொறாமை இருந்தது. ஏனென்றால் அந்தப் பழைய அகராதி போர்ஷ் ரஷ்யச் சொல் என்றது. ஹோபாக்கும் ரஷ்யம். அவர்கள் நாட்டுக் கறுப்பு மண்ணுக்கான சொல்லும் ரஷ்யம்.

முதலில் அவர் இதற்குச் சிரிப்பார். "பக்கத்து வீட்டுக்காரன் எங்கடை சட்டியிலை ஊத்திக் குடுத்தவன். வாங்கினவன் சட்டியும் அவன்ரை எண்டு எழுதிப்போட்டான்" என்பார். பிறகு யுத்தம் வந்தது. அதன்பின் அந்தச் சொற்கள் வரும்போது அவர் சிரிக்கவில்லை, வாசிக்கவும் இல்லை. அந்த வரியில் விரலை வைத்து ஒரு மூச்சு அளவு நிற்பார். அடுத்த சொல்லுக்குப் போய்விடுவார்.

அவருடைய ஊர் கிழக்குப் பக்கம். வீட்டில் யாரோ குடியேறிவிட்டார்கள் என்று கேள்விப்பட்ட நாளில் அவர் அடுப்படியில் கிழங்கு உரித்துக்கொண்டிருந்தார். "மன்னாரிலை உங்கடை வீடு இப்ப யாருடையது அக்கா?" என்று கேட்டார்.

நான் காணி உறுதியின் இலக்கம், நான் அனுப்பிய முறைப்பாடுகள், வந்த பதில்கள், வராத பதில்கள் எல்லாம் வரிசைப்படி சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். முடிந்ததும் கழுத்துச் சங்கிலியை வெளியே இழுத்துக் காட்டினார். சிலுவைக்குப் பக்கத்தில் ஒரு திறப்பு தொங்கியது; ஊர் வீட்டின் சாவி. அதற்கு இணைப்பு எதுவும் இல்லை. நான் வாளியை எடுத்துக்கொண்டு வெளியே போனேன்.

எங்களுக்குள் ஒரே ஒருமுறைதான் சண்டை வந்தது. அதுவும் ஒரு சொல்லுக்காக. மைதான் என்று வாசித்துவிட்டு அவர் துள்ளினார். "எங்கடை தலைநகரத்தின்ரை நடுவிலை சனம் கூடுற வெளிக்கு இதுதான் பேர். எங்கடை சொல்!"

"மைதானம்" என்றேன் நான். "என்ரை பள்ளிக்கூடத்துக்கு முன்னாலை இருந்தது. நான் அதிலை விழுந்து முழங்கால் உடைச்சனான். எங்கடை."

"எங்கடை, அக்கா."

"என்ரை முழங்காலைப் பாரும்."

இரண்டு நாள் நாங்கள் சரியாகக் கதைக்கவில்லை. அகராதி அதைப் பாரசீகச் சொல் என்று எழுதியிருந்தது. அதை இருவருமே வாசிக்காததுபோல இருந்துவிட்டோம். மூன்றாம் நாள், நான் முன்பு வடை கொண்டுவந்து கொடுத்த பெட்டி திரும்பி வந்தது. கழுவித் துடைத்து, உள்ளே அவருடைய கிழங்குக் கொழுக்கட்டைகளுடன், மூடியில் என் பெயர் எழுதி ஒட்டி. சமாதானம் என்று எடுத்துக்கொண்டேன்.

சின்யோராவுக்கு இருந்த உறவு தங்கையின் மகனான ஒரு பெறாமகன் மட்டும். மிலானில் வேலை. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருவான். கெட்டவன் இல்லை, அவசரக்காரன். பெரியம்மாவின் அருகில் உட்கார்ந்து கைபேசியைப் பார்த்துவிட்டு, பெருமூச்சு விட்டுப் போவான். ஒருமுறை மேசையில் கிடந்த அகராதியைத் திறந்தவன் முகம் சிவந்துவிட்டது. பக்கத்துக்குப் பக்கம் பென்சில் கிறுக்கல். ரஷ்யம் என்று இருந்த இடங்களில் எல்லாம் ஒரு கோணல் கோடு. மேலே, நண்டு ஊர்ந்ததுபோல, உக்ரேன் என்பதன் முதல் மூன்று எழுத்து.

"பெரியம்மா இந்தப் புத்தகத்தைத் தன் மாணவர்களைக்கூடத் தொட விட்டதில்லை" என்றான். உக்ரேன்காரி அடுப்படியில் இருந்தார். அவன் அவரைக் கூப்பிட்டுக் கேட்கவில்லை. கேட்காமல் போகிறவர்கள்தான் வழக்குப் போடுவார்கள் என்பது என் அனுபவம்.

போட்டான். பெரியம்மாவுக்குச் சுயபுத்தி இல்லை, அவருடைய காரியங்களைத் தான் பொறுப்பேற்க வேண்டும், அவரைப் பகேரியாவில் ஒரு முதியோர் இல்லத்துக்கு மாற்ற வேண்டும், பராமரிப்பவர் வீட்டுப் பொருட்களைச் சேதப்படுத்துகிறார் என்று நீதிமன்றத்துக்கு மனு. வைத்தியச் சான்றிதழ் இணைத்திருந்தான். அது நிறைவேறினால் சின்யோரா தன் சாளரத்தை இழப்பார். உக்ரேன்காரி வேலையோடு படுக்கும் கட்டிலையும் இழப்பார். திரும்பிப் போவதற்கு அவர் கழுத்தில் ஒரு திறப்பு மட்டும்தான் இருந்தது.

நான் உற்சாகமானேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. இப்படிப்பட்ட மனுவில் நீதிபதி அந்த ஆளை நேரில் பார்த்துக் கேட்டே ஆகவேண்டும், ஆள் வர முடியாவிட்டால் நீதிபதி வீட்டுக்கு வரவேண்டும். அதைக் குறிப்பிட்டு உக்ரேன்காரியின் பெயரில் ஒரு கடிதம் எழுதினேன். மூன்று பிரதிகள்.

"இஞ்சாரும்" என்றார் என் வீட்டுக்காரர், நான் முத்திரை ஒட்டுவதைப் பார்த்துவிட்டு. "உமக்குக் கோட்டும் கச்சேரியும் இல்லாட்டிச் சோறு இறங்காது. ஆற்றையோ வீட்டுக்கு, ஆற்றையோ வழக்கு."

விசாரணைக்கு ஒரு கிழமை முன்பு ஒரு புது அழிறப்பர் வாங்கிக்கொண்டு போனேன். உறை பிரிக்காத வெள்ளை அழிறப்பர். சாட்சியத்தை அழிப்பது கச்சேரியில் வேலை போகும் குற்றம் என்று எனக்குத் தெரியும். ஆனால் கிறுக்கல் இல்லாவிட்டால் மனுவில் பாதி போய்விடும் என்பதும் தெரியும்.

"ஒரு பின்னேரம் காணும். இருந்து எல்லாத்தையும் அழியும்" என்றேன்.

அவர் அழிறப்பரை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நான் எழுதேல்லை அக்கா. மத்தவையின்ரை புத்தகத்திலை நான் எழுதுறேல்லை."

"ஓம், ஓம். எழுதினவை எல்லாரும் அப்பிடித்தான் சொல்லுறவை. என்னட்டைச் சொன்னாப் பரவாயில்லை. நீதிபதியிட்டை சொல்லாதையும்."

"அழிக்கிறதுக்கும் அது என்ரை இல்லை."

"அப்ப பகேரியாவுக்குச் சின்யோராவை ஏத்தி அனுப்பிப்போட்டு ரெயில் நிலையத்திலை படும்!"

அவர் அழிறப்பரை மேலங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டார். அவர் எழுதவில்லை என்றால் வேறு யார் எழுதியது என்று நான் கேட்டிருக்கலாம். எனக்குத் தோன்றவில்லை. எல்லாப் படிவத்தையும் நிரப்பத் தெரிந்தவளுக்கு, ஒரு கேள்வி கேட்கத் தெரியவில்லை.

நீதிபதி ஒரு நடுத்தர வயதுப் பெண். கோப்புத் தூக்க ஓர் எழுதுவினைஞர். அன்று அந்தச் சூடான காற்று அடித்துக்கொண்டிருந்தது. அறை முழுவதும் மஞ்சளாக, தண்ணீருக்கு அடியில் இருப்பதுபோல இருந்தது. பெறாமகன் சுவரோரம் நின்றான். உக்ரேன்காரி சின்யோராவின் நாற்காலிக்குப் பின்னால், கைகளைக் கட்டிக்கொண்டு. நான் கோப்பித் தட்டோடு வாசலில்.

நீதிபதி குனிந்து தன் பெயரைச் சொன்னார். இன்று என்ன கிழமை என்று கேட்டார். எந்த ஊர் என்று கேட்டார். சின்யோரா துறைமுகத்தைப் பார்த்தார். கப்பல்கூட ஊதவில்லை. எழுதுவினைஞர் எழுதத் தொடங்கினார்; பதில் இல்லை என்று எழுத எவ்வளவு நேரம் ஆகும் என்று எனக்குத் தெரியும்.

பெறாமகன் அகராதியைக் கொண்டுவந்து விரித்துக் காட்டினான். நீதிபதி சில பக்கங்களைப் புரட்டினார். "இதை நீங்கள் எழுதினீர்களா?" என்று உக்ரேன்காரியிடம் கேட்டார்.

"இல்லை."

"வேறு யார்?" என்றான் பெறாமகன். "இந்த வீட்டில் வேறு யார் உக்ரேன்காரர்?"

உக்ரேன்காரி சின்யோராவின் தலையைப் பார்த்தபடி நின்றார். எனக்கு அவரை உலுக்க வேண்டும்போல இருந்தது.

நீதிபதி சற்று யோசித்தார். பிறகு புத்தகத்தைக் கொண்டுபோய்ச் சின்யோராவின் மடியில், தலையணைமேல் வைத்தார். தன் பேனையை எடுத்து இடது கைக்குப் பக்கத்தில் வைத்தார். ஒன்றும் கேட்காமல் முக்காலியில் உட்கார்ந்தார். சுவர்க்கடிகாரத்தில் நான்கு மணி ஆகியிருந்தது.

சின்யோராவின் கண்கள் துறைமுகத்திலிருந்து மெல்ல இறங்கின. பேனையைப் பார்த்தார். இடது கை அசைந்தது, பேனையைத் தள்ளியது. அது தரையில் விழுந்து உருண்டது. பெறாமகன் பெருமூச்சு விட்டான். அந்தக் கை அங்கே நிற்கவில்லை. தலையணை உறைக்குள், மிக மெதுவாக, பழக்கப்பட்ட வழியில் நுழைந்தது. வெளியே வந்தபோது விரல்களுக்கு நடுவே ஒரு கட்டைப் பென்சில் இருந்தது. புத்தகத்தில் மையால் எழுதுவார்களா ஆசிரியர்கள்?

நீதிபதி குரலைத் தாழ்த்தி, "சின்யோரா, இந்த வீடு யாருடையது?" என்று கேட்டார்.

பக்கத்தின் ஓரத்தில், நண்டு ஊர்வதுபோல, ஒவ்வொரு எழுத்தாக எழுதினார். என்னுடையது. 

"பகேரியாவுக்குப் போக விருப்பமா?"

ஒரு கோணல் கோடு. பிழையான விடைக்குப் போடும் கோடு. பிறகு தலையைத் திருப்பிப் பெறாமகனைப் பார்த்தார், வீட்டுப்பாடம் செய்யாமல் வந்தவனைப் பார்ப்பதுபோல. அவன் நின்ற இடத்திலேயே அழத் தொடங்கிவிட்டான். கெட்டவன் இல்லை என்று சொன்னேனே.

எல்லோரும் போனபின் அடுப்படியில் அவரைப் பிடித்துக்கொண்டேன். "தெரிஞ்சுகொண்டு ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"நான் சூப்புக் காய்ச்சப் போற நேரம் எழுதுவா. பென்சில் சீவி உறைக்குள்ளை வைக்கிறது மட்டும்தான் நான். ஒருத்தருக்கும் காட்டாமல் மூடிப்போடுவா. அது அவவின்ரை விசயம் அக்கா. அவதானே சொல்லவேணும்."

அவர் என் பேச்சைக் கேட்டு ஒரு பின்னேரம் உட்கார்ந்து அழித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். பிறகு முன்னறைக்குப் போய், அந்த வீட்டில் இத்தனை வருடத்தில் முதல்முறையாக, சின்யோராவிடம் கேட்டுவிட்டு அகராதியைத் திறந்தேன். மைதான் இருந்த பக்கத்தைத் தேடினேன். பாரசீகம் என்பதை அவர் அடிக்கவில்லை. பக்கத்தில் மட்டும் சின்னதாக எழுதியிருந்தார்: உங்கள் இருவருடையதும். நான் நிமிர்ந்தபோது சின்யோரா துறைமுகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முன்னால் நாங்கள் கதைத்ததெல்லாம் ஒவ்வொன்றாக எனக்கு ஞாபகம் வந்து காது சுட்டது.

சின்யோரா இன்னும் இரண்டு குளிர்காலம் அந்தச் சாளரத்தருகே இருந்தார். அவர் போனபின் பெறாமகன் அகராதியை உக்ரேன்காரியிடம் நீட்டினான். அவர் வாங்கவில்லை. "அவ படிப்பிச்ச பள்ளிக்கூடத்துக்குக் குடுங்கோ" என்றார். கொடுத்தான். இந்த ஊரில் எங்கோ ஒரு நூலகத்தில் அது இருக்கிறது. ஏதோ ஒரு பிற்பகல் ஏதோ ஒரு பிள்ளை அதைத் திறந்து, அச்சடித்தவர்களைவிடப் பென்சில்காரிக்கு அதிகம் தெரிந்திருப்பதைக் காணக்கூடும்.

கனடாவுக்குப் போவதற்கு முதல்நாள் உக்ரேன்காரி போர்கோ வெக்கியோவில் என் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு பை. உட்காராமல், நின்றபடியே ஒவ்வொன்றாக மேசையில் எடுத்து வைத்தார். மறுபடியும் என் வடைப் பெட்டி. ஒரு மழைநாளில் கொடுத்த குடை. ஊசிப்பெட்டி. கடைசியாக அந்த அழிறப்பர். உறைகூடப் பிரிக்கவில்லை.

"எல்லாம் சரியோ அக்கா?"

"சரி."

"இன்னும் ஒண்டு இருக்கு. அக்கா எண்ட சொல்லு. அதையும் தந்திட்டுப் போகவோ?"

எந்த அலுவலகத்தில் எந்தப் படிவம் என்று சட்டென்று சொல்லக்கூடியவள் நான். இதற்குப் படிவம் இல்லை. "அங்கை குளிருமாம்" என்றேன். "அதை வைச்சிரும்."

அவர் தலையாட்டினார். சங்கிலியை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டு படியிறங்கிப் போனார்.

போன கிழமை என் வீட்டுக்காரர் ஏதோ ஒரு படிவத்தில் பிழையாக எழுதிவிட்டு, மேசை இழுப்பறையைத் துழாவி அந்த அழிறப்பரை எடுத்தார். உறையில் நகத்தை வைத்தார்.

"அது ஆற்றை?" என்றேன். யாருடையது என்று கேட்ட அந்தக் குரல் எங்கிருந்து வந்தது என்று எனக்கே தெரியவில்லை.

அவர் என்னை விசித்திரமாகப் பார்த்தார். "உம்மடைதானே?"

ஓம் என்று சொல்ல வாய் வரவில்லை. அதை அவர் கையிலிருந்து வாங்கி, இரண்டு கைகளிலும் ஏந்திக்கொண்டு, கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன்.